ஒரு போகத்துக்கு எழுதிய சொல்

அந்தச் சொல்லை எழுதியவள் நான்தான்.
தரிசு.
அணையில் மதகு பழுதாகி
இடதுபுறக் கால்வாயில் நாய்கள் படுத்துறங்கிய பசலி அது.

மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை.
புல எண் எழுபத்திரண்டு தொடங்கி
வரப்பு வரப்பாக நடந்தேன்.
வெடிப்பில் மாட்டிச் செருப்பு வார் அறுந்தது.
ராஜவேணி தன் வயலில் நின்று கேட்டாள்:
"என்னங்க மேடம் எழுதறீங்க?"
"இருக்கறதைத்தான்."
"தண்ணி வந்தா மாத்திடுவீங்க இல்ல?"
மாற்றினேன். அடுத்த போகம் நெல்.
அதற்கடுத்து நெல். ஒரு முறை உளுந்து.
பிறகு நெல், நெல்.

ஆனால் காவேரிப்பட்டணத்தைப் பெரிதாக்க
எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்தவர்கள்
கணினிக்குள் இழுத்துக்கொண்டது
அந்த ஒரு வருஷத்தை.

இப்போது மோட்டுக்கொல்லை ஊராட்சி அலுவலகத்தில்,
தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில்,
வரைவுத் திட்டம் தொங்குகிறது.
ஆடு மேயவும் புல் இல்லாத பாறைக் கரடு
பச்சை: விவசாயம்.
பதினேழு மடையும் பாய்கிற ஆயக்கட்டு
மஞ்சள்: குடியிருப்பு.
திம்மராயன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
"அறுப்புக்கு வந்த மாதிரி இருக்குது" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
மூன்றாம் மடைக்கு அருகில் ஏற்கெனவே கல் நட்டாயிற்று.
அதற்குப் பசுமை நகர் என்று பெயர்.

கிராம சபையில் முனிரத்தினம் எழுந்தார்.
"மஞ்சள் ஆனா சென்ட்டு நாலு லட்சம்.
பச்சையா இருந்தா பேங்க்காரன் மட்டும்தான் தேடி வர்றான்."
பொய் இல்லை.
ஏல நோட்டீஸை அவர் கதவில் ஒட்டியபோது
பசைக் கிண்ணத்தோடு நின்றது என் தலையாரி,
பக்கத்தில் நான்.

ராஜவேணி இப்போது வார்டு உறுப்பினர்.
"வீடு வேணாம்னு யார் சொன்னா?
என் பையனுக்கும் வேணும்.
மஞ்சளைக் கரட்டடிக்கு நகத்துங்க.
தார் ரோடு அங்கதான் போவுது."
கரட்டடித் தெருவிலிருந்து வந்திருந்த குப்பு கேட்டாள்:
"அங்க மனை வந்தா எங்களுக்குக் குழாய் வருமா,
இல்ல எங்களையே கிளப்பிடுவீங்களா?"
வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு தீர்மானத்தில் அந்த வரியும் ஏறியது,
தெருவின் பெயரோடு, வீட்டு எண்ணிக்கையோடு.

ஜெராக்ஸ் கடையில் புலப்படங்களை ஒட்டி
அவர்களே ஒரு வரைபடம் செய்தார்கள்.
மடை, வாய்க்கால், கிணறு, எதுவும் விடவில்லை.
வடக்கு இருக்க வேண்டிய உச்சியில் மேற்கு இருந்தது.
தண்ணி வர்ற பக்கம் மேலேதானே இருக்கணும்,
மேற்குன்னாலே மேல்தானே, என்றார் திம்மராயன்.
திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்சேபணைக்கு அறுபது நாள்.
நாற்பத்தொன்று போயிருந்தது.
நான் அரசு ஊழியர்,
எதிர்த்து ஒரு வரி எழுத முடியாது.
நகல் கேட்டால் தரலாம்.
"கேளுங்க" என்றேன் ராஜவேணியிடம்,
பதிவேட்டிலிருந்து முகம் எடுக்காமல்.
கேட்டாள்.

பன்னிரண்டு பசலிக்கு அடங்கல் நகல்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, முத்திரை.
அந்தப் பக்கம் வந்தபோது
கை கொஞ்சம் நின்றது.
மறைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் கட்டினேன்.
அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும்
நெல் நிற்கட்டும்.

நாளை கிருஷ்ணகிரியில் விசாரணை.
முனிரத்தினம் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறார்.
என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.
பதினொன்றாம் மடையில் இன்று நடவு.
பயிராய்வுக்குப் போகிறேன்.
செருப்பைக் கழற்றி
வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.